நாலு பத்துக்கு விழும் வேகம்

"நூறுன்னு சொல்லித்தானே இந்த இன்டர்நெட் பெட்டியை மாட்டினீங்க? பன்னிரண்டுதான் காட்டுது. உங்க கம்பெனியில எல்லாருமே புளுகுமூட்டையா, இல்ல நீங்க மட்டுமா?"

"நூறுங்கறது பிட் கணக்கு. உன் கம்ப்யூட்டர் காட்டுறது பைட் கணக்கு. எட்டால வகுத்துப் பாரு, சரியா வரும். இந்தப் புளுகன் கணக்குல புலி."

"சாயங்காலம் ஆனா அந்தப் பன்னிரண்டும் இறங்கிடுதே. அதை எதால வகுக்கணும்?"

"நம்ம மாடிப்படியை எடுத்துக்க. அகலம் எப்பவும் நாலடிதான். அதுதான் பேண்ட்வித். நீ எவ்வளவு சீக்கிரம் ஏறுறேங்கறது, அந்த நேரத்துல படியில எத்தனை பேர் இருக்காங்கங்கறதைப் பொறுத்தது. எல்லாரும் ஒண்ணா வீடு திரும்பினா இடிச்சுக்கிட்டுதான் ஏறணும்."

"சரி, படியில யாருமே இல்ல. அப்பவும் ஏற முடியலைன்னா?"

அவன் திருப்புளியால் காதைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "அப்ப யாரோ இருக்காங்க. உன் கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்."

அவளுக்கும் அவனுக்கும் கல்யாணமான மூன்றாவது மாதத்தில் நடந்த பேச்சு இது. சொன்னவன் போய்ச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிவிட்டது. நாலாவது மாடியில் அந்த வீடும், அவன் கையால் மாட்டிய இன்டர்நெட் பெட்டியும், அவளும் மிச்சம்.

ஊரார் கல்யாணத்தை ஆல்பமாக்குவது அவள் தொழில். ஸ்டுடியோக்காரர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் படங்களை இணையத்தில் ஏற்றி அனுப்புவார்கள். அவள் இறக்கி, நல்லதைப் பொறுக்கி, கண்ணை மூடிய மாமாக்களைக் கழித்துக் கட்டி, பக்கம் பக்கமாக அடுக்கித் தருவாள். படம் இறங்கினால்தான் வேலையே ஆரம்பம்.

மூன்று வாரமாக ஒரு தொல்லை. மதியம் முழுக்கக் குதிரை மாதிரி ஓடுகிற இணைப்பு, நாலு பத்துக்கு முழங்கால் மடங்கி விழும். தொண்ணூற்று நாலில் இருந்து மூன்றுக்கு வரும். நாலு இருபத்தொன்றுக்கு ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து நிற்கும். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்து வீடியோ பார்க்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். விடுமுறை நாளிலும் விழுந்தது. கீழ்வீட்டு டீச்சரம்மாவிடம் கெஞ்சி அவர்கள் பெட்டியை அணைக்கச் சொன்னாள். அப்போதும் விழுந்தது.

அந்த நேரம் அவளுக்குப் புதிதல்ல. அதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை.

பதினாலு மாதத்துக்கு முன்பு ஒரு மதியம், ஒரு ஸ்டுடியோவின் படங்கள் இறங்க மறுத்து உயிரை வாங்கின. அவன் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்று அவளுக்குத் தெரியும். பெட்டியின் அமைப்புக்குள் போய், "முதல் இடம்" என்ற வரியில் தன் கம்ப்யூட்டரைப் போட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் எது எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டருக்குப் போக மிச்சம்தான். சரியாக நாலு பத்துக்கு அவனிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அவன் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றது. குரல் துண்டு துண்டாக விழுந்தது.

"ஒண்ணு... கேக்... நீ கொஞ்..."

"ஒண்ணும் கேக்கலைங்க. வேலை தலைக்கு மேல கிடக்கு. வீட்டுக்கு வந்து கேளுங்க."

துண்டித்தாள். மறுபடி வந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்தாள். அது மேசைமேல் நடுங்கி நடுங்கி ஓய்ந்தபோது நாலு இருபத்தொன்று. நாலு இருபத்தைந்துக்கு, இரண்டு தெரு தள்ளிய திருப்பத்தில், அவன் பைக்மேல் ஒரு லாரி.

ஆறு மணிவரை அவனுக்கு வேலை, அதுவும் பட்டணத்தின் மறுகோடியில். அந்நேரம் அவன் ஏன் அங்கே வந்தான் என்று யாருக்கும் தெரியாது. என்ன கேட்க வந்தான் என்பதும் தெரியாது. அழுது தீர்த்த பிறகும் அவளைத் தின்றது இரண்டாவதுதான். என்ன கேட்டிருப்பான்? அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும், மிச்ச நாளை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று பட்டது.

இன்று மூன்றரைக்கு ஏணி வந்தான். அவள் கணவனிடம் வேலை பழகியவன். ஆறடி இரண்டங்குலம். ஏணியை மறந்துவிட்டுப் போனாலும் வேலை நடக்கும் என்பதால் வந்த பேர்.

"அண்ணி, உங்க புகாருக்காக மேலிடத்துல இருந்து ஆளையே இறக்கியிருக்காங்க, பாருங்க," என்று குனிந்து நிலைப்படியைத் தாண்டினான்.

"தலையைப் பாத்து வா. நிலை உடைஞ்சா உன் கம்பெனி கட்டித் தராது."

பெட்டியில் நேராகக் கம்பியைச் செருகித் தன் லேப்டாப்பில் சோதித்தான். வேகம் காட்டும் முள் தொண்ணூற்றைந்தைத் தொட்டது. நாலு பத்து ஆயிற்று. அவள் கம்ப்யூட்டரில் அறுபத்திரண்டு சதவீதத்தில் இறங்கிக்கொண்டிருந்த படங்கள் மூச்சுத் திணறின. இந்த ஆல்பத்தை ஆறு மணிக்குள் கொடுக்காவிட்டால் இனி உனக்கு வேலை இல்லை என்று ஸ்டுடியோக்காரர் காலையில்தான் சொல்லியிருந்தார். ஏணியின் முள்ளோ அசையவே இல்லை.

"லைன்ல குறை இல்ல அண்ணி. தெருவுல இருந்து பெட்டி வரைக்கும் முழுசா வருது. நெரிசல் காத்துல, வைஃபைல. ஏதோ ஒரு போன் ரொம்ப தூரத்துல, பலவீனமா நின்னு பேசப் பாக்குது. அது சொல்றது பாதி விழமாட்டேங்குது. ஒரே வார்த்தையைப் பத்துத் தடவை சொல்லுது. அது சொல்லி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும். அதான் உங்களுக்கும் இழுக்குது."

"என்னத்தைச் சொல்லுது?"

"அது நமக்கெதுக்கு? யாரோ பக்கத்து வீட்டுக்காரன் உங்க பாஸ்வேர்டைச் சுட்டிருப்பான். இருங்க, கையும் களவுமா பிடிச்சிரலாம்."

பெட்டியில் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தான். அவள் கம்ப்யூட்டர். அவள் போன். மூன்றாவது வரியைப் படித்தான். கழுத்தை நீட்டி இன்னொரு தடவை படித்தான்.

வயர்காரர் போன்.

கணவன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பேர்தான். அவள் எழுந்துபோய் அலமாரி இழுப்பறையைத் திறந்தாள். போலீஸார் திருப்பிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள் அது அப்படியே கிடந்தது. கண்ணாடி சிலந்திவலையாக உடைந்து, பேட்டரி பிதுங்கி. தொட்டுப் பார்த்தாள். ஐஸ் கட்டியைத் தொட்டதுபோல் விரல் சுரீரென்றது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"இது இங்கதானே இருக்கு, தம்பி?"

"அண்ணி..." ஏணியின் குரல் உயரத்தில் பாதிகூட இல்லை. "அது இந்த அறையில இருந்து வரலை. ரெண்டாவது மாடி திருப்பத்துல அண்ணன் மாட்டினாரே குட்டிப்பெட்டி, வாசல் வரைக்கும் சிக்னல் கிடைக்கட்டும்னு, அது வழியா வருது. அதுலயும் ஒரு கோடுதான் காட்டுது. கீழ. வாசப்பக்கம்."

அவள் ஜன்னலுக்குப் போனாள். கீழே இரும்புக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. வாசலில் வெயில் மட்டும் நின்றது.

"பழைய பதிவு ஏதாவது சிக்கியிருக்கும். தடுத்துடறேன். ஒரே பட்டன்." அவன் விரல் அந்த வரிக்கு நேராகப் போய் நின்றது. "நாளைக்குப் புதுப் பெட்டி கொண்டாறேன். எல்லாம் அழிஞ்சு சுத்தமாயிடும்."

"கையை எடு."

"அண்ணி, விளையாடாதீங்க. நான் கிளம்பறேன்."

"பேசாம நாற்காலியில உக்காரு. நீ எந்திரிச்சுப் போனா நிலை இடிக்கும்."

மணி நாலு பதினாறு. அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "முதல் இடம்" என்ற வரியில் அவள் கம்ப்யூட்டரின் பேர் இன்னும் உட்கார்ந்திருந்தது. அன்று போட்டது. பதினாலு மாதமாக அதை எடுக்கத் தோன்றவே இல்லை. தன் பேரை அழித்தாள். மூன்றாவது வரியைத் தூக்கி அங்கே வைத்தாள். சேமி என்று அழுத்தினாள்.

கம்ப்யூட்டரில் அறுபத்து மூன்று சதவீதத்தில் படங்கள் அப்படியே நின்றன. யாரோ ஒரு மணப்பெண் நெற்றிவரை இறங்கி, கண் திறக்காமல் காத்திருந்தாள். ஆறு மணியும் ஸ்டுடியோக்காரரும் எங்கோ போய்விட்டார்கள்.

"கோடு ஏறுது அண்ணி," என்றான் ஏணி, எழுந்திருக்காமலே. "ரெண்டு. மூணு. அண்ணி, முழுசா ஏறிடுச்சு."

குப்புறக் கிடந்த அவள் போன் மேசைமேல் நடுங்கத் தொடங்கியது.

புரட்டினாள். வயர்காரர். பச்சையைத் தொட்டாள். படம் இல்லை, கறுப்புத்தான். ஆனால் சத்தம் தெளிவாக இருந்தது, காதோடு காதாக. இன்ஜின் அணைத்த பைக் சூடு தணிகிற டிக் டிக். கீழ்வாசல் இரும்புக் கதவின் அந்தப் பழைய கிறீச். மூச்சு. படி ஏறுவதற்கு முன் எப்போதும் விடுகிற மூச்சு.

பதினாலு மாதமாக அவள் மனசுக்குள் சொல்லி வைத்திருந்த மன்னிப்புகள் எத்தனையோ. ஒரே வார்த்தைதான் வெளியே வந்தது.

"கேளுங்க."

மறுமுனையில் அவன் சிரித்தான், காதைச் சொறியும்போது சிரிக்கிற சிரிப்பு. இந்தத் தடவை ஓர் எழுத்துகூட உடையவில்லை.

"ஒண்ணு கேக்கணும். நீ கொஞ்சம் இறங்கி வாயேன். கீழ வாசல்லதான் நிக்கிறேன்."