பம்பைக்குப் போன கை

ஆல்பெரின் படக்கூடத்தில் விளக்கு அணைந்ததும் என் புருஷன் வையாபுரி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நடைபாதை ஓரம், பின் வரிசையில் நான். எனக்குப் பின்னால் மேசைமேல் படம் காட்டும் மெஷின். அதையே குனிந்து துடைப்பதுபோல் பாசாங்கு. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா? எதையோ மறைக்கிறார்.

சேன் பியேரில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு உண்டு. அதை அப்படியே போட்டுவிட்டு, மாட்டுக்கொட்டகைக் கதவில் ‘வையாபுரி சலனப்படக் கம்பெனி’ என்று பலகை மாட்டியவர் அவர். முதலாளி, படம் பிடிப்பவர், பலகைக்குச் சாயம் பூசியவர் எல்லாம் அவரே. கம்பெனியின் மற்ற ஆட்கள் எல்லோரும் நான். ஊர் சிரித்தது, நானும் திட்டாத நாளில்லை. ஆனால் ஒன்று. துரைமார் காட்டுகிற படங்களில் உலகமெல்லாம் வருகிறது, கரும்பு வெட்டுகிற நாம் மட்டும் ஏன் வரவில்லை என்று இந்தத் தீவில் அவருக்குத்தான் உறைத்தது. அந்த ரோஷத்துக்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

முதல் படம் கரும்பு வெட்டு. காமிராவின் பிடியைக் கையால் சுற்றவேண்டும். பிலிம் தீர்ந்துவிடுமே என்று மெதுவாகச் சுற்றியிருக்கிறார். மெதுவாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் ஜனம் எறும்பு மாதிரி விழுந்தடித்து ஓடியதைப் பார்த்து இதே கூடம் வயிறு வலிக்கச் சிரித்தது. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“எத்தா வையாபுரி, இன்னொரு வாட்டி சிரிச்சாங்கன்னா உனக்குக் கூடம் கெடையாது” என்று ஆல்பெர் கிரியோலில் கறாராகச் சொல்லிவிட்டார். போர்ட் லூயிஸில் வேறு எந்தக் கூடக்காரரும் இவரைப் படியேற்றவில்லை. இன்று சிரிப்பு எழுந்தால் பலகையைக் கழற்றவேண்டியதுதான்.

அதனால்தான், யாரும் சிரிக்க முடியாத தீமிதியை எடுக்கத் துணிந்தார். பூசாரி முனிசாமி லேசில் ஒப்பவில்லை. விரதமில்லாத எதுவும் தீக்குழியோரம் நிற்கக்கூடாது என்றார்.

“அப்ப மெஷினுக்கும் காப்புக் கட்டுங்க சாமி. நானும் விரதம் இருக்கேன்.”

காமிராவின் பிடியில் மஞ்சள் கயிறு ஏறியது. கொடியேறிய நாள்முதல் இவர் மீன்கூடை போகும் பக்கம்கூடத் திரும்பவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினால் தீ மிதிப்பதாக நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் வரிசையில் நான் கடைசி. “உன்ன எடுக்காம விடுவனா காமாட்சி?” என்று கேட்டிருந்தார்.

திரையில் முனிசாமி கரகத்தோடு வந்து நின்றார். அவர் தணலில் கால் வைத்தார். மெல்ல. அடுத்த காலும் மெல்ல. அவருக்குப் பின்னால் எல்லோரும் ஈர மணலில் நடப்பதுபோல் அவ்வளவு நிதானமாக வந்தார்கள். எனக்குப் புரிந்துபோயிற்று. பம்பைக் கொட்டு வேகமெடுத்ததும் விரதமிருந்த இவர் கை தன்னை மறந்து அதன் கூடவே ஓடியிருக்கிறது; வேகமாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் மெல்ல நடப்பார்கள். வெறும் படக்காரனுக்கு இது நேருமா? கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. டிக்கெட் கிழிக்கும் யொலாந்த் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெயித்துவிட்டாரே என்று எனக்குக் கண் நிறைந்தது.

எனக்கு முன்னால் போன ருக்மணி, தணல் முடியும் இடத்துப் பால்குழியில் இறங்கினாள். அத்தோடு திரை வெள்ளையாயிற்று.

“வேகமா சுத்துனதுல பிலிம் தீந்துருச்சு” என்றார் பின்னாலிருந்து, தணிந்த குரலில். “தெரியாம வெறுமனே சுத்திக்கிட்டு இருந்தேன். பிலிமக் கழுவின அன்னைக்கே பாத்தேன். சொல்ல வாய் வரல.”

“ஊரையே எடுத்தீங்க. பொண்டாட்டிக்கு மட்டும் பிலிம் இல்ல. அப்படித்தானே?”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரையோரக் கதவு வழியே போய்விடலாம் என்று எழுந்து நடைபாதையில் இறங்கினேன்.

மெஷின் வெளிச்சம் முதுகில் விழுந்தது. கொண்டையும் முந்தானையுமாக ஒருத்தி திரை முழுக்க நின்றாள். படம் இன்னும் முடியவில்லை என்றே கூடம் நினைத்தது. முன் வரிசையில் யாரோ “கோவிந்தா” என்றார்கள்.

அவர் விளக்கை அணைக்கவில்லை.

“நட காமாட்சி” என்றார்.

மெல்ல ஒரு காலை எடுத்து வைத்தேன். திரையை நோக்கி நடக்க நடக்க, அந்தப் பெரிய நிழல் கொஞ்சம் கொஞ்சமாக என் அளவுக்கு இறங்கி வந்தது.