ஜெம்லே நிறுத்திய பேருந்து

வெண்டெல் பழக்கிய ஜெம்லே என்ற வேட்டைநாய் முதன்முதலாகக் கவுதாரி முன் நின்றபோது, பறந்தெழுந்த கவுதாரி ஆளுயரத்தில் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. மக்காச்சோளம் ஒடித்த மறுநாள் அது. மண்ணில் நல்ல ஈரம். திஸா ஆற்றங்கரையில் அந்த வகை நாய்க்கு வேலையே இதுதான். பறவையின் வாடை பட்டதும் ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பறவை எழுந்தாலும் துப்பாக்கி வெடித்தாலும், தலையில் தட்டும்வரை அசையக் கூடாது. வெண்டெல் இரண்டு வருஷம் குச்சியில் இறக்கையைக் கட்டி ஆட்டியும், கழுத்தில் நீளக் கயிறு போட்டும் இதை மட்டுமே பழக்கினான். நாய் கொஞ்சம் கூடுதலாகவே படித்துவிட்டது.

நாய்களுக்குத் தேர்வு வைக்க வந்திருந்த வேட்டைச் சங்கத்தார் கவுதாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நிற்கிற பறவையைச் சுடுவது அவர்களிடையே பெரிய கேவலம். "இதைச் சுட்டா என் பொண்டாட்டி என்னைக் கோழிக்கூட்டுல படுக்கச் சொல்லிருவா. தட்டி விடுப்பா," என்றார் சங்கத் தலைவர் ஓதோன். வெண்டெல் நாயின் தலையில் தட்டினான். கவுதாரி விட்ட இடத்திலிருந்து பறந்துபோனது. அந்த வருஷத் தேர்வில் ஜெம்லே தோற்றது.

மறுநாள் விடியும்போதே வெண்டெல் மறுபடி இறக்கையும் குச்சியுமாகக் கிளம்பினான். அவன் மனைவி எதெல்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "நாய்கிட்ட நாள் முழுக்கப் பேசுற. என்கிட்ட ரெண்டு வருஷமா உப்பு கேக்கத்தான் வாயைத் திறக்குற. நான் அக்கா வீட்டுக்குப் போறேன், வரமாட்டேன்." பெட்டியோடு ஏழு நாற்பது பேருந்தில் ஏறினாள். வெண்டெல் இறக்கையும் குச்சியுமாக வாசலில் நின்றான். பக்கத்தில் ஜெம்லே காலைத் தூக்கியது. பேருந்து இரண்டடி நகர்ந்து நின்றுவிட்டது.

மூன்று நாள் நின்றது. கதவு திறக்கவில்லை, ஜன்னல் திறந்தது. ஊரார் முட்டைக்கோஸ் சுருளும் சூப்பும் உள்ளே நீட்டினார்கள். நாய்க்கு நின்ற இடத்திலேயே சோறு வைத்தார்கள். உள்ளே இருந்த பல்வலிக்காரர் ஒருவர் மட்டும் திட்டினார். "எனக்கு அவசரமில்ல. இன்னைக்கு மாமியார் பொறந்தநாள்," என்றார் ஓட்டுநர்.

வெண்டெல் நாயின் தலையைத் தட்டவில்லை. தட்டினால் அவள் போய்விடுவாள். ஜன்னலடியில் நின்று முதல் நாள் நாயைப் பற்றிப் பேசினான், இரண்டாம் நாள் மழையைப் பற்றி. மூன்றாம் நாள் சொன்னான்: "நீ பள்ளிக்கூடத்துக்குச் சமைக்கப் போனதுலேருந்து பகல்ல வீடு நல்லாவே இல்ல. அதான் நாயைக் கூட்டிக்கிட்டு வயலுக்குப் போனேன். போகாம இருந்துரேன்."

எதெல்கா மூக்கைச் சிந்தினாள். "புடிச்சு வெச்சுக்கிட்டுக் கேக்காத. விட்டுட்டுக் கேளு."

வெண்டெலுக்கு அந்தரத்தில் நின்ற கவுதாரி நினைவுக்கு வந்தது. போய் நாயின் தலையில் தட்டினான். பேருந்து நெட்டிலிங்க மர வளைவில் திரும்பி மறைந்தது. ஜெம்லே காலை இறக்கி, வாளித் தண்ணீர் முழுவதையும் குடித்தது.

மதியம் எதெல்கா பெட்டியோடு சாலையில் நடந்து வந்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருந்தாள்.

"பஸ் போன வேகத்துல காதுல விழல," என்றாள். "என்ன கேட்ட?"

அந்த மாதமே பேருந்து அட்டவணையைத் திருத்தினார்கள். அந்த ஊருக்கு நேரே, நாயைக் கட்டியிருந்தால் ஏழு நாற்பது என்று போட்டிருக்கிறது.