துடைத்துக் கொடுத்த துவக்கு

கல்முனைக் கடற்கரைக் காவலரணில் ஊர்காவல் படைக்காரன் மக்கீனின் துவக்கு மட்டும் கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி மினுங்கும். பயிற்சி கொடுத்த சார்ஜன் அப்படிப் பழக்கிவிட்டிருந்தார். துவக்குச் சரித்திரம் என்றால் அந்த மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். முந்தியெல்லாம் ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து ஏற்ற வேண்டும். அமெரிக்காவில் கராண்ட், ரஷ்யாவில் சிமொனோவ், பெல்ஜியத்தில் சேவ் என்று ஆளாளுக்கு மண்டையைப் போட்டு உடைத்து, வெடித்த குண்டின் புகையை வைத்தே அடுத்த குண்டை ஏறச் செய்தார்களாம். இவன் கையிலிருந்த எஸ்எல்ஆர் அந்தச் சேவ் போட்ட கணக்கு. புகை ஓடுகிற இடத்தில் கரி பிடிக்கும், துடைக்காதவன் கையில் அது வெறும் இரும்பு என்பார்.

சுனாமியன்று இரவுக் காவல் முடிந்து வந்து துவக்கை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். தண்ணீர் வந்தபோது மகளைத்தான் தூக்கினான். பின்னே, இரும்பையா தூக்குவான்? ஊர் ஜனாஸாக்களை அடக்கி முடிக்குமுன் முகாமில் துவக்கைக் கேட்டார்கள். கடல் கொண்டு போனது என்றான். புலிக்குக் கொடுத்தாயா என்றார்கள். கடலிடம் போய்ச் சாட்சியா கேட்க முடியும்? வேலை போனது. வாராவாரம் முகாமில் கையெழுத்து. கட்டாருக்குப் போகலாமென்றால் பாஸ்போட் எடுக்க விடவில்லை. சொந்த ஊரே அவனுக்கு மறியற்சாலையாகிப் போனது.

சண்டை முடிந்த வருஷம், கக்கூசுக்குக் குழி வெட்டும்போது இடிந்த சுவருக்கடியில் மண்வெட்டி இரும்பில் பட்டது. சேறும் துருவும் அப்பிக் கிடந்தது அதே துவக்கு. நம்பரும் அதேதான். மனைவி சித்தி லைலா அழுதே விட்டாள்.

"அல்லாஹ் காட்டித் தந்திட்டான். கெதியா கொண்டு போய்க் குடுங்க."

"இந்தக் கோலத்திலயா? வெக்கக்கேடு புள்ள."

பாவி மனிதன், பின்னேரம் வரைக்கும் குந்தியிருந்து மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தான். அரத்தாள் போட்டு உரசினான். துணியால் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசினான். சார்ஜன் பார்த்தால் மெச்சுவார் என்ற சந்தோஷம் வேறு.

முகாமில் புதிய அதிகாரி நம்பரைப் பார்த்தார், குழலைத் தடவி விரலை மோந்தார். இத்தனை வருஷம் சேற்றில் கிடந்த துவக்கா இது என்று கேட்டார். துரு தின்ற குழிகளை மக்கீன் காட்டினான். அதை யார் பார்க்கிறார்கள்? வெட்டிய குழி இருக்கிறது என்றான். குழி யாரும் வெட்டலாம், எங்கே ஒளித்து வைத்திருந்தாய், அதைச் சொல் என்று கம்பிக்குள் தள்ளினார்கள்.

லைலா ஓடி வந்தாள். கம்பியைப் பிடித்தபடி மக்கீன் கேட்டான்.

"துடைச்ச துணி எங்க, லைலா? சேறும் துருவும் அதிலதான் ஒட்டியிருக்கு. கொண்டு வந்து காட்டினா நம்புவாங்க."

லைலாவுக்கு முகம் செத்துப் போனது.

"நல்ல துணியெண்டு கழுவிக் கொடியில போட்டுட்டனே, மச்சான்."