முக்கோணச் சாவி

பிள்ளைகளே விசாரிக்கும் மன்றம் என்று கேள்விப்பட்டதும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பெரிய கோர்ட்டுக்குப் போனால் மகள் பெயரில் வழக்கு ஏறிவிடும். இங்கே செய்ததை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்து முடித்தால் கோப்பை மூடிவிடுவார்கள். விசாரிப்பவர்கள் ஆறு பேருக்கும் பதினைந்து, பதினாறு வயதுதான். அதிலும் பாதிப் பேர் போன வருடம் குற்றவாளி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள். இந்த வாண்டுகளுக்குத் தண்ணி காட்டுவது என்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டுதான் நூலகத்தின் மாடியறைக்குள் நுழைந்தார்.

நடந்தது இதுதான். வகுப்பில் எல்லார் முன்னாலும் தன்னை மட்டம் தட்டிய டீச்சர் மீது மகளுக்குக் கடுப்பு. டீச்சர் குடியிருந்ததும் இவர்களுடைய அடுக்குமாடியில்தான், ஆறாவது மாடியில். அப்பா தூங்கும்போது, அவர் பெல்ட் வளையத்திலிருந்து லிஃப்டின் வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவியை உருவிக்கொண்டாள். டீச்சர் ஏறிய லிஃப்ட் மேலே போகும்போது நாலாவது மாடிக் கதவைத் திறந்தாள். கதவு திறந்தால் லிஃப்ட் நின்றுவிடும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஐந்து நிமிடம் கழித்து மூடிவிட்டால் தானே கிளம்பிவிடும் என்று கணக்கு. மூடினாள், பூட்டு விழவில்லை. சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு ஓடியவளை வாட்ச்மேன் பார்த்துவிட்டார். டீச்சர் முக்கால் மணி நேரம் உள்ளே கிடந்தார்.

விடுவிக்கக் கம்பெனி அனுப்பியது யாரை? இவரைத்தான். இடுப்பைத் தடவிப் பார்த்தார், சாவி இல்லை; நாலாவது மாடிக் கதவில் தொங்கியது. சாவியைக் கைவிட்டவனுக்கு வேலை கிடையாது என்பது கம்பெனி விதி. அதை உருவி பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, அன்றைக்கே கம்பெனிப் பதிவேட்டில் 'சாவி என்னிடம் உள்ளது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் மகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். யாருடையதோ ஒரு சாவி குப்பைத்தொட்டி பக்கத்தில் கிடந்தது, எடுத்தாள், அவ்வளவுதான்.

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். மன்றத்தில் ஒவ்வொரு வார்த்தையையும் மென்று விழுங்கினாள். எதிரே உட்கார்ந்திருந்த டீச்சர் அவளைத் திட்டவில்லை. அன்றிலிருந்து லிஃப்டில் ஏறுவதில்லை, ஆறு மாடியும் நடந்துதான் ஏறுகிறேன் என்று மட்டும் சொன்னார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

விசாரிக்கும் ஆறு பேரில் பல்லில் கம்பி போட்ட ஒரு பெண், காகிதத்திலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"கீழ கிடந்த சாவி லிஃப்ட் கதவுக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பாகிட்ட பாத்திருக்கேன்."

"அப்ப அது அப்பாவோட சாவியா?"

போன வருடம் தானும் ஒரு கதையோடுதான் இங்கே வந்ததாக அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"குப்பைத்தொட்டின்னு யார் சொல்லச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்."

மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த வக்கீலம்மா பேனாவை எடுத்தார். உண்மையை மறைத்தால் கோப்பு பெரிய கோர்ட்டுக்குப் போகும், அது உனக்குத் தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்று மகள் தலையாட்டினாள். அப்பா பக்கம் திரும்பக்கூட இல்லை.

வாயாடி வாயை மூடிக்கொண்டிருப்பது தனக்காக என்பது மெக்கானிக்குக்கு உறைத்தபோது பெரும் அவமானமாக இருந்தது. பெற்ற பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். எழுந்தார்.

"நான்தாம்மா சொல்லச் சொன்னேன். சாவி என் பெல்ட்லதான் இருந்துச்சு."

ஆறு பேரும் உள்ளறைக்குப் போய்க் கால் மணி நேரத்தில் திரும்பினார்கள். உண்மை வெளியே வந்துவிட்டதால் கோப்பு இங்கேயே இருக்கும். இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் மகள் மாடிப்படிக்குக் கீழே காத்திருந்து, டீச்சரின் நோட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடியும் கூடவே ஏற வேண்டும். டீச்சர் சம்மதித்தார்.

மெக்கானிக் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். கம்பி போட்ட பெண் சங்கடப்பட்டாள்.

"உங்களுக்கு நாங்க எதுவும் சொல்ல முடியாது அங்கிள். எங்க மன்றம் பதினெட்டு வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும்தான்."

வெளியே வராந்தாவில் அவர் போனை எடுத்து சூப்பர்வைசரின் நம்பரைத் தேடினார். இரண்டு முறை தவறாக அழுத்தினார்.

"வேலை போயிடுமாப்பா?"

"போகலாம்டி."

மகள் போனை வாங்கி, நம்பரைச் சரியாக அழுத்தி, மணி அடிப்பதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு அவரிடம் நீட்டினாள்.