ஆணி அடிக்கக் கூடாத வீடு

மாடி வீட்டுத் தையல்காரரின் மனைவி படுக்கையறைச் சுவரில் ஆணி அடித்த காலையில், கீழே கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்த வீட்டுக்காரரின் இடது தோளில் துளை விழுந்து ரத்தம் வந்தது. சுத்தியல் மேலே விழ விழ, அலறல் கீழேயிருந்து கிளம்பியது. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், துளை ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறது என்றும், உள்ளே இரும்பு எதுவும் இல்லை என்றும், இல்லாவிட்டாலும் ஒரு தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது என்றும் சொல்லி அனுப்பிவைத்தார்.

வீட்டுக்காரர் வேலையில் இருந்த காலத்தில் பஸ்களில் ஏறி டிக்கெட் பரிசோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரைச் செக்கர் என்றே கூப்பிட்டது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கடல் தாண்டி இருந்தாள். கீழே அவர், மாடியில் தையல்காரர் குடும்பம், பின்பக்க ஒற்றை அறையில் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒண்டிக்கட்டை, அவனுக்கு லேத்து என்றே பெயர். குடிவருகிறவர்களிடம் செக்கர் சொல்கிற முதல் வாக்கியம், "இது நான் ரத்தத்தச் சிந்திக் கட்டுன வீடு. சுவத்துல ஒரு கீறல் விழுந்தா என் உடம்புல விழுந்த மாதிரி" என்பது. வீட்டுக்காரர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம்தானே என்று யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு சட்டதிட்டங்கள் வரும். இருட்டினால் மோட்டார் கிடையாது, ரெண்டு நாளுக்கு மேல் விருந்தாளி கிடையாது, படியில் செருப்புச் சத்தம் கிடையாது, ஆணி கிடையவே கிடையாது. காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் நூலால் கட்டித்தான் தொங்கவிட்டிருந்தார்கள்.

தையல்காரருக்கு இரண்டு பெண்கள். சின்னவள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். அவள் பிறந்த வருஷம் படுக்கையறைச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் எங்கோ விட்டுப்போய், தொட்டிலுக்குப் பின்னால் ஈரம் பூத்தது. முதலில் உள்ளங்கை அகலம், பிறகு முறத்தளவு, அடுத்த மழைக்குள் ஆளுயரம். தையல்காரர் வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு அதைச் சொல்லுவார். செக்கர் பார்க்கலாம் என்பார். ஒருமுறை மனைவியே இறங்கிப் போய்க் கேட்டாள். "ஈரத் துணிய உள்ளயே காயப் போட்டா சுவரு என்னம்மா பண்ணும்?" என்று அவளைத் திருப்பிக் கேட்டு, நெடுநேரம் இருமினார். அவருக்கும் அந்த வருஷங்களில் இருமல் விடாமல் இருந்தது. பழைய பீடிப் பழக்கத்தின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். குழந்தையின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி மாட்டிக்கொண்டதுபோல ஒரு சத்தம் குடியேறியது. அறையை மாற்றுங்கள் என்று டாக்டர் சொன்னார். மாற்றுவதற்கு இன்னொரு அறை இல்லை. வார்த்தைகளைக் கோத்துப் பேசப் பழகிக்கொண்டிருந்த வயதில், ஒரு மழைக்காலத்தின் நடுவில், சின்னவள் இறந்துபோனாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தபோது செக்கர் படிக்கட்டின் கீழே நின்றிருந்தார். தலையைக் குனிந்து வழிவிட்டார். கடைசியாகப் போன தையல்காரரை மட்டும் நிறுத்தி, "ஊர்லேர்ந்து எத்தன பேரு வருவாங்க? தண்ணி பத்தாது, அதான் கேக்குறேன்" என்றார். தையல்காரர், ரெண்டு நாளில் போய்விடுவார்கள் சார் என்றார். மேல்படியில் நின்ற மனைவியின் காதில் இரண்டும் விழுந்தன.

சின்னவளின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்தார்கள். தையல் மெஷின் மேல் வைத்தால் அதிர்வில் நகர்ந்து விழுந்தது. அலமாரியில் வைத்தால் துணிக்கட்டுகள் மறைத்தன. ஒருநாள் காலை அவள் லேத்திடம் போய்ச் சுத்தியலும் ஆணியும் வாங்கி வந்தாள்.

"வேணாம். செக்கருக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லுவாரு" என்றார் தையல்காரர்.

"சொல்லட்டும்."

ஈரம் பூத்த இடத்தின் நடுவில், தொட்டில் இருந்த உயரத்தில் ஆணியை வைத்து அடித்தாள். அலறல் கேட்டபோது, படியில் வழுக்கி விழுந்திருப்பார் என்றுதான் நினைத்தாள். படம் கொஞ்சம் சாய்வாக நின்றது. ஆணியைப் பிடுங்கி விரலளவு தள்ளி மறுபடி அடித்தாள். பிடுங்கியபோது ஒரு அலறல், அடித்தபோது ஒரு அலறல். சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு படத்தை மாட்டிவிட்டு, சமையலறைக்குப் போய், மாட்டுவதற்கு எதுவும் இல்லாத ஒரு சுவரில் இன்னொரு ஆணியை அடித்தாள். அது செக்கரின் வலது முட்டியில் இறங்கியது.

மறுநாளே செக்கர் வரச்சொன்ன குழாய்க்காரர்கள் வந்தார்கள். சுவரை உளியால் கொத்திக் குழாயை வெளியே எடுத்தபோது, செக்கர் வாயில் துண்டைக் கடித்தபடி கட்டிலில் கிடந்தார். லேத்துதான் காலைப் பிடித்துக்கொண்டான். சிமெண்டு பூசியதும் காய்ச்சல் விட்டவர்போலத் தூங்கினார். சுவர் காய்ந்தது. சுவரோடு செக்கரின் இருமலும் காய்ந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது மூத்தவள்தான். "அம்மா, தாத்தா இப்பல்லாம் இருமுறதே இல்ல" என்றாள். அந்த மனிதரும் அதே ஈரத்தைத்தான் அத்தனை காலம் இருமிக்கொண்டிருந்தார், இருமியும் ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கேட்ட அன்று தையல்காரரின் மனைவி சொந்தமாக ஒரு சுத்தியல் வாங்கினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நல்லுறவு தழைத்தது. வாடகை ஏறவில்லை. மோட்டார் கேட்ட நேரத்துக்கு ஓடியது. படியில் செக்கர் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, சௌகரியமா இருக்கீங்களா என்று விசாரித்தார். அவள் எப்போதாவது சுத்தியலை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பாள், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஆள் வந்து கேட்டதைச் செய்துவிட்டுப் போவான். லேத்தும் சும்மா இருக்கவில்லை. கதவை ஓங்கிச் சாத்தினால் செக்கருக்குப் பல் ஆடுகிறது என்று தெரிந்துகொண்டு, சாத்திச் சாத்தியே தன் அறைக்கு மின்விசிறியும் தனிக் கழிப்பறையும் வாங்கிவிட்டான். மூத்தவள் சுவரில் நீலச் சாக்கட்டியால் வரைந்த மீன் செக்கரின் வயிற்றில் ஒரு வாரம் நீந்தியது. தையல்காரர் மட்டும் ஒரு நாளும் ஆணியைத் தொட்டதில்லை, பாவம் என்பார். அடித்த கை மனைவியுடையது, மிச்சமான வாடகை அவருடையது.

ஊரில் வீட்டுக்காரர்கள் சங்கம் ஒன்று இருந்தது. வாடகைக்காரர்களோடு வழக்கு, வம்பு, பூட்டு உடைப்பு என்று அலுத்துப்போன சங்கம், குடியிருப்பவர்களோடு நல்லுறவு பேணுவது எப்படி என்று பேச ஒரு ஆளைத் தேடியது. எல்லோரும் ஒரே வாயாகச் செக்கரைச் சொன்னார்கள். அவர் தன் குடித்தனக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போனார்; முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். "அவங்க வீட்டுக் குழாய் ஒழுகுச்சுன்னா நம்ம மூக்கு ஒழுகுற மாதிரி எடுத்துக்கணும். அவங்க சுவத்துல விரிசல் விழுந்தா நம்ம முதுகுல விழுந்ததா நெனைக்கணும்" என்றார். கை தட்டல் அடங்க நேரமாயிற்று. இந்தப் பக்குவம் உங்களுக்கு எப்படி வந்தது என்று ஒருவர் எழுந்து கேட்டார். செக்கர் முன்வரிசையைப் பார்த்தார். தையல்காரரின் மனைவி மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தாள். "எல்லாம் அவங்க சொல்லிக் குடுத்ததுதான்" என்றார் செக்கர். தன்னடக்கத்தைப் பார் என்று மறுபடி தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

ஒருமுறை செக்கர் வீட்டை விற்றுவிட்டுப் போகவும் பார்த்தார். வீடு கைமாறினால் வலியும் கைமாறிவிடும் என்று ஒரு கணக்கு. வாங்க வந்தவர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொல்லி, மண்ணைப் பார்க்க அஸ்திவாரத்தோரம் கடப்பாரையை இறக்கினார். செக்கருக்கு உள்ளங்கால் பிளந்தது. அதோடு அந்தப் பேச்சு நின்றது. மகளுக்குப் போன் போட்டு அழுதார். அவள், இதுக்குப் போயா, காலி பண்ணச் சொல்லுங்கப்பா என்று வைத்துவிட்டாள்.

அதன் பிறகு ஒரு நாள் பகலில் செக்கர் நொண்டிக்கொண்டே மாடி ஏறினார். அவள் மட்டும்தான் இருந்தாள். கணவர் தைத்த சட்டைகளுக்குப் பித்தான் துளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் அவ்வளவு கீழே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"தப்புத்தான்மா. பாப்பா விஷயத்துல நான் பண்ணது பெரிய தப்பு. ஆணியெல்லாம் எடுத்துடு தாயே. உடம்பு தாங்கல."

அவள் ஊசியைத் துணியில் செருகிவிட்டு நிமிர்ந்தாள். "எந்தப் பாப்பா?"

"உன் சின்ன பாப்பா."

"அவ பேரு என்ன சார்?"

செக்கர் வாயைத் திறந்தார். அவருடைய கூரைக்குக் கீழே பிறந்து, அவருடைய படிகளில் தவழ்ந்து ஏறி, அவருடைய செருப்புக்குள் கல் போட்டு விளையாடிய குழந்தை. படத்தைப் பார்த்தார். படத்தில் பெயர் எழுதியிருக்கவில்லை. சொல்லுங்க, பேரச் சொல்லுங்க, இப்பவே எல்லாத்தையும் பிடுங்கிடுறேன் என்று அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். உண்மையிலேயே பிடுங்கியிருப்பாள். ஆனால் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அவள் எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்து, அவர் கண் முன்னாலேயே, அவசரமில்லாமல் ஒரு ஆணி அடித்தாள். அது விலாவில் இறங்கியது. அவரே கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கீழே போனார்.

பெயரை லேத்து சொல்லிக் கொடுத்தான். மறுநாள் காலை, பஸ்ஸில் டிக்கெட் கேட்ட அதே கணீர்க் குரலில், கீழேயிருந்து செக்கர் அந்தப் பெயரைச் சொன்னார். மாடியில் அவள் விரலில் ஊசி ஏறியது. குழந்தை போன நாளிலிருந்து அந்தப் பெயர் அந்த வீட்டில் ஒலித்ததில்லை. சொன்னால் நீ அழுவாய் என்று தையல்காரர் தானும் சொல்லாமல் மூத்தவளையும் சொல்ல விடாமல் வைத்திருந்தார். அவள் சுத்தியலை எடுத்து அடித்தாள். அவர் அலறிவிட்டு மறுபடி சொன்னார். அடித்தாள். சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் இது நடந்தது. செக்கர் மனம் வருந்திச் சொல்கிறார் என்று தெருவில் பாதிப் பேர் சொன்னார்கள். பழிக்குப் பழி, அவருக்கும் ஒரு சுத்தியல் கிடைத்துவிட்டது என்றார்கள் மீதிப் பேர். அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அவளுக்கோ முதல் சில மாதங்கள் அது பழி என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. பிறகு, அதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, காலையில் அந்த நேரத்துக்கு வேலை எதையும் கையில் எடுக்காமல் காத்திருக்கப் பழகினாள்.

தையல்காரர் மிச்சம் பிடித்து ஊர்க்கோடியில் சொந்தமாக வீடு கட்டினார். தன் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து, யாரும் கத்தவில்லை என்று பார்த்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். சாமான்கள் ஏறிய பிறகு மனைவி வண்டியில் ஏறவில்லை. "நீங்க போங்க. நான் அப்புறமா வரேன்" என்றாள். மெஷின் போயிற்று, மூத்தவள் போனாள், படம் போகவில்லை. அந்த அப்புறம் வரவே இல்லை. மூத்தவள் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றாள். தையல்காரருக்குக் கண் மங்கி நூல் கோக்க முடியாமல் போனது. வாரம் ஒருமுறை வந்து கதவருகே நின்று கூப்பிட்டுப் பார்த்து, பிறகு மாதம் ஒருமுறை வந்தார். லேத்து வேறு ஊருக்குப் போனான். அவள் பித்தான் துளை எடுத்துச் சம்பாதித்து மாதாமாதம் வாடகையைக் கீழ்வீட்டுக் கதவுக்கடியில் தள்ளினாள். படுக்கையறையில் ஒரு படமும், வீடெங்கும் எதுவும் மாட்டாத ஆணிகளும் இருந்தன.

ஒரு பெருமழையில் கூரையிலிருந்து ஜன்னல் வரை சுவர் விரிசல் விட்டது. செக்கர் படுத்த படுக்கையானார். தரையின் வழியாக அவர் மூச்சு மாடிக்குக் கேட்டது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி மாட்டிய அதே சத்தம். அவளுக்கு அது என்னவென்றும், எங்கே போய் முடியும் என்றும் தெரியும். அன்று அவள் நிம்மதியாகச் சாப்பிட்டு, அதைக் கேட்டபடியே அயர்ந்து தூங்கினாள். விரிசலுக்குப் பழந்துணிகூட அடைக்கவில்லை. மழை வலுத்தது, சத்தமும் வலுத்தது. பிறகு ஒரு காலையில் கீழேயிருந்து பெயர் வரவில்லை. மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்க் கொத்தனாரைக் கூட்டி வந்தாள்.

"வீடு உங்களுதாம்மா?"

"இல்ல. வாடகைக்கு இருக்கேன்."

கொத்தனார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். தார்ப்பாயைக் கட்டி, விரிசலைச் சுரண்டி, கலவை வைத்து அடைத்து, பூசி முடித்துவிட்டுச் சுவர்களைத் தடவினார். "இந்த ஆணியெல்லாம் சும்மாதானே கெடக்கு. பிடுங்கிட்டுப் பூசிடவா?"

"அது இருக்கட்டும்."

கலவை இறுக இறுக, கீழே பூனைக்குட்டி அடங்கியது. மழை விட்ட காலையில் செக்கர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பழைய கணீர் இல்லை, இருந்தாலும் எழுத்துப் பிசகாமல் வந்தது. மாடியிலிருந்து, "என்ன?" என்றாள் அவள். தினமும் அப்படியே நடக்கிறது. அவர் கூப்பிடுவார், அவள் என்ன என்பாள், சில நாள் அதன் பிறகு ஒரு ஆணிச் சத்தமும் கேட்கும். காய்கறி வண்டிக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்த வீட்டைக் கடந்து போகிறார்கள். குடித்தனக்காரர்களோடு ஒத்துப்போக முடியாத வீட்டுக்காரர்களுக்கு, போய்ப் பாருங்கள் என்று சங்கத்தில் இன்றும் அந்த விலாசத்தைத்தான் கொடுக்கிறார்கள்.