காதில் விழாத வரைக்கும்

1

இந்தக் கதை கிடைத்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருவெண்காட்டுக் கோயில் வாசலில் நடை திறக்கக் காத்திருந்தேன். அங்கே ஒருவர் தன் குடும்பத்தார் கையிலிருந்த செல்போன்களை வாங்கி, ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். பக்தி என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும், பக்திக்கு இவ்வளவு வியர்க்காதே என்று தோன்றியது. மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "ஒன்பது கோள்களும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்ற அந்த நாளில்..."

வேண்டாம். வந்து நின்றது வாடகை வேன்.

இரண்டாவது தொடக்கம்: திருச்சியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கும் தாயுமானவன், முதலாளியிடம் மல்லுக்கட்டி ஒரு நாள் லீவு வாங்கி, நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் அந்த ஒரே நாளில் பார்த்துவிடக் கிளம்பினான். உடன் மனைவி அகிலா, மகன் கிஷோர், நாலரை வயது மகள் மித்ரா. வண்டி ஓட்டியவர் அந்தோணி. ஒவ்வொரு கோயிலிலும் கிஷோர் கேட்ட ஒரே கேள்வி, யானை இருக்கிறதா என்பது. இல்லை என்றால் அந்தக் கிரகத்தின் மேல் அவனுக்கு மரியாதை போய்விடும்.

(மகளுக்கு முதலில் தேன்மொழி என்று பெயர் வைத்திருந்தேன். இன்னும் பேச்சு வராத குழந்தைக்கு அப்படியொரு பெயர் வைப்பது எழுத்தாளன் செய்கிற அற்பத்தனம். மாற்றிவிட்டேன்.)

ஆமாம், மித்ரா பேசுவதில்லை. காது நன்றாகக் கேட்கிறது. டாக்டரிடம் காட்டுகிறார்கள், பயிற்சிக்கும் அழைத்துப் போகிறார்கள். அது ஒரு பக்கம் நடக்கட்டும் என்று, பேச்சுக்கு அதிபதியான திருவெண்காட்டுப் புதனுக்குப் பச்சைப் பட்டு சாத்துவதாக அகிலா வேண்டிக்கொண்டிருந்தாள். உண்மையில் வந்தது இந்த ஒரு கோயிலுக்குத்தான். மற்ற எட்டும், புதனை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் அவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்பதற்காக.

3

மதியம். திருவெண்காட்டில் நடை சாத்தியிருந்தது. அகிலாவும் கிஷோரும் இளநீர் குடிக்கப் போயிருந்தார்கள். வேனுக்குள் தாயுவின் மடியில் உட்கார்ந்து மித்ரா அவன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அப்போது அது ஒலி

இங்கேயே நிறுத்திவிடலாம். இந்த வாக்கியத்தை நான் முடிக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பட்டு சாத்தி, புளியோதரை தின்று, வீடு போய்ச் சேர்வார்கள். ஆனால் அதை யார் படிப்பது?

த்தது. மித்ரா விரலால் தேய்த்து அழைப்பை எடுத்தாள். கைபட்டு ஸ்பீக்கரும் உயிர் பெற்றது.

"தாயுண்ணே, லால்குடிப் பெரியப்பா காலைல போயிட்டாரு. நாளைக்குத்தான் எடுக்கிறோம். வந்துருங்க."

பெரியப்பாவுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. வருத்தப்பட ஒன்றுமில்லாத, நிறைவான சாவு. ஆனால் பங்காளி. பங்காளி செத்தால் தீட்டு. தீட்டு என்றால் கோயில் படி மிதிக்கக் கூடாது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: சாவு எப்போது நடந்தது என்பது கணக்கில்லை, செய்தி எப்போது காதில் விழுந்தது என்பதுதான் கணக்கு. கேள்விப்படாதவனுக்குத் தீட்டு கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் குடும்பத்தோடு வேனில் போய் அனுபவப்பட்டவராக இருக்க வேண்டும்.)

4

ஆக, அகிலாவும் கிஷோரும் இன்னும் சுத்தம். அவர்கள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டால் பட்டு சாத்திவிடலாம். எல்லாவற்றையும் கேட்டபடி முன் சீட்டில் இருந்த அந்தோணி கண்ணாடி வழியே பார்த்தார்.

"எனக்கு இந்தத் தீட்டெல்லாம் கெடையாது சார். என்கிட்ட பத்திரமா இருக்கும்."

மித்ரா? குழந்தைக்குத் தீட்டு ஒட்டாது என்று தாயு தனக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினான். நானும் மேல்முறையீடு செய்யவில்லை. இளநீர் குடித்துத் திரும்பியவர்களிடம், சார்ஜ் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று சொல்லிப் போன்களை வாங்கி அணைத்தான். பிறகு குனிந்து மகள் காதில் கிசுகிசுத்தான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதடா தங்கம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மகள் பிறந்ததிலிருந்து "சொல்லு, அப்பா சொல்லு" என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டிருப்பவன் அவன்.

(இங்கே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வேடிக்கைக் கதை என்றுதான் ஆரம்பித்தேன்.)

5

நடை திறந்தது. தாயு செருப்புக்குக் காவல் இருப்பதாகச் சொன்னான்.

"நாலு ஜோடி பிஞ்ச செருப்பு, அதுக்கு ஒரு வாட்ச்மேன்" என்றாள் அகிலா. "பெத்த பொண்ணுக்குப் பட்டு சாத்துறோம், அப்பா வாசல்ல நிப்பாங்களாம். என்னங்க ஆச்சு? சொல்லுங்க."

சொன்னால் பட்டு வேனுக்குத் திரும்பும். அடுத்த லீவு முதலாளி மனசு வைத்தால்தான். சொல்லாமல் உள்ளே போனால், மகளுக்காகச் செய்கிற காரியத்தைத் தானே கெடுத்தவனாவான். அகிலா காத்திருந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளோடு நடந்தாள்.

6

முடிவுகள்.

(அ) சன்னிதியில் மணி ஒலித்தது. மித்ரா "அம்மா" என்றாள்.

அடித்துவிட்டேன். பேச்சு வராத பிள்ளையைப் பெற்றவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களிடம் மணியோசை விற்க மனம் வரவில்லை.

(ஆ) அகிலாவுக்குச் செய்தி காலையிலேயே தெரியும். தெரிந்தேதான் கிளம்பினாள்.

நல்ல திருப்பம்தான். ஆனால் அகிலா மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். தெரிந்திருந்தால் தஞ்சாவூர் தாண்டுவதற்குள் சொல்லியிருப்பாள். மேலும், அவளை வைத்துப் பொய் எழுத எனக்குக் கொஞ்சம் பயம்.

(இ) கொடிமரம் வரை போன மித்ரா, அம்மா கையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை. பின்னாலேயே வந்த அகிலா மண்டியிட்டு உட்கார்ந்து, "என்னடி, எதுக்கு ஓடியாந்த?" என்றாள்.

மித்ரா அம்மாவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது.

தாயுவின் நெஞ்சில் ஒரே நேரத்தில் இரண்டு வேண்டுதல்கள் முட்டிக்கொண்டன: பேசிவிடு, பேசிவிடாதே. வாசலில் நின்றபடியே அவன் இரண்டாவதைக் கைவிட்டான். அவனும் மண்டியிட்டான்.

"சொல்லுடா தங்கம். எதுன்னாலும் சொல்லு."

மித்ரா வாயைத் திற

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. அவள் பேசினாளா, பேசியது என்ன, பட்டு உள்ளே போனதா, வேனுக்குத் திரும்பியதா என்பதெல்லாம் இனி உங்கள் பாடு. யோசித்து, மெல்லமாகச் சொல்லுங்கள். பக்கத்திலேயே அகிலா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.