கால்வாயில் விட்ட படகு

வீட்டுத் தரகருக்கு அந்த வட்டாரம் வைத்த பெயர் 'மாதிரி'. பெற்றவர்கள் வைத்த பெயர் பாங்க் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். வாயைத் திறந்தால் 'அந்த ஊர் மாதிரி, இந்த ஊர் மாதிரி' என்றுதான் மனுஷன் ஆரம்பிப்பார். அதனால் வந்த பெயர்.

பெருநகரத்திலிருந்து பிரிந்து போகும் ரயில் பாதையில் வரிசையாக ஐந்து புறநகர்கள். எது எந்த ஊர் என்று தெரிய ஸ்டேஷன் பலகையைத்தான் படிக்க வேண்டும். அதே மருந்துக்கடை, அதே ஜெராக்ஸ் கடை, பாதி கட்டி நின்றுபோன அதே அடுக்குமாடி. உங்களுக்கும் எனக்கும்தான் அப்படி. மாதிரியைக் கேட்டால் முதல் ஊர் தலைநகரம் மாதிரி, ஏனென்றால் அங்கே ஒரு ரவுண்டானா உண்டு. இரண்டாவது துறைமுக நகரம் மாதிரி, கால்வாய் ஓடுகிறதல்லவா! மூன்றாவதில் ஒரு குட்டை, ஆகவே ஏரி நகரம். நான்காவதில் தண்ணீர்த் தொட்டி கொஞ்சம் மேட்டில் இருப்பதால் மலை நகரம். ஐந்தாவதில் ஒரு டியூஷன் சென்டரும் இரண்டு பேனாக் கடையும் இருந்தன. போதாதா? பல்கலைக்கழக நகரம்.

"ஊர் விட்டு ஊர் வர்றவன் வீடு தேடலைங்க. விட்டுட்டு வந்த ஊரைத் தேடுறான்" என்பது அவருடைய தொழில் ரகசியம். அதனால் எத்தனை அறை வேண்டும் என்று கேட்க மாட்டார், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்றுதான் கேட்பார். ஏரி நகரத்துக்காரர் என்றால் மூன்றாவது ஸ்டேஷன், பேச்சே கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நகரங்களில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. குடிவருகிறவர்கள் சாமான் இறக்கும்போது கூடவே நின்று, "அங்க சாயங்காலம் காத்து எப்படி? எங்க நடக்கப் போவாங்க?" என்று விசாரித்து வைத்துக்கொள்வார். அதுதான் அடுத்த ஆளுக்கு அவிழ்த்துவிடும் சரக்கு. சும்மா சொல்லக்கூடாது, கேட்டவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள், சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர் குடியிருந்தது இரண்டாவது ஊரில், அதாவது துறைமுக நகரத்தில். கல்யாணமாகி வந்த முதல் வாரமே மனைவியைக் கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போய்ப் படகு, கடல்காற்று என்று இதே பாட்டைப் பாடினார். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கடலைப் பார்க்கணுமாக்கும்" என்றாள் அவள். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷமாக வீட்டுக்குள் அவருடைய கப்சா செல்லுபடியாகவில்லை.

எல்லாம் சரி. நிஜமான துறைமுக நகரத்தில், நிஜமான கடலைப் பார்த்தபடி, ஒன்பதாவது மாடியில் ஒருவன் குடியிருந்தான். அவன் வேறு யாரோவாக இருந்திருந்தால் பாதகமில்லை. மனைவியின் தங்கை புருஷனாகப் போய்விட்டான். சகலை.

சகலை என்ற உறவை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. அண்ணன் தம்பி என்றால் அடித்துப் புரண்டுவிட்டு மறுநாள் பேசிக்கொள்ளலாம். சகலையோடு அதற்கும் வழியில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்கு இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஆயுசு பூராவும் எடை போட்டுக்கொண்டிருப்பார்கள். இவன் கப்பல் கம்பெனியில் அதிகாரி. அதிர்ந்து பேச மாட்டான். 'அண்ணே' என்று சேர்க்காமல் ஒரு வாக்கியம் பேசியதில்லை. அதுதான் மாதிரிக்கு இன்னும் எரிச்சல். திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

மச்சினி வாரம் ஒரு போட்டோ அனுப்புவாள். பால்கனிக் கட்டையில் காபிக் கோப்பை, அதற்குப் பின்னால் கடல். மனைவி அதை விரலால் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்ப்பாள். "காத்து எப்படி வரும்ல?" என்பாள், யாரிடம் என்று இல்லாமல். மாதிரிக்கு வயிறு பற்றி எரியும். அந்தக் காற்றை ஊர் பூராவும் விற்றவர் அவர், அவருக்கே அதைக் காட்டுகிறார்களே! துறைமுக நகரத்திலிருந்து யார் வீடு கேட்டு வந்தாலும் அந்த ஊரில் என்ன குறை என்று தூண்டித் துருவிக் கேட்டு வருவார். "அங்க இரும்பு கேட், கதவெல்லாம் துருப்பிடிச்சுப் போயிடுமாம். துணி ரெண்டு நாளானாலும் காயாதாம்" என்று மனைவியிடம் ஒப்பிப்பார். "அதுக்காக யாராவது கடலை வேண்டாம்னா சொல்றாங்க?" என்று அவள் உள்ளே போய்விடுவாள்.

இப்படி இருக்கையில் சகலைக்கு மாற்றல் வந்தது. இந்தப் பெருநகரத்துக்கே! மனைவிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்னங்க, எதிர்வீட்டு மாடி காலியாத்தானே கிடக்கு? அவ இங்கேயே வந்துடட்டும். காலையில ஜன்னலைத் திறந்தா அவ முகத்துல முழிப்பேன். எனக்குன்னு இந்த ஊர்ல யார் இருக்கா சொல்லுங்க?"

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அந்தத் தங்கை ஒருத்திதான். பத்தொன்பது வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்பதும் மாதிரிக்குத் தெரியும்.

தெரிந்து என்ன செய்ய? அவள் தங்கை முகத்தில் விழிப்பாள், இவர் சகலை முகத்தில் விழிக்க வேண்டும். அவன் கார், அவன் இஸ்திரி போட்ட சட்டை, அவன் வீட்டு வாசலில் வந்து இறங்கும் புது ஃபிரிட்ஜ். இத்தனை நாள் கடல் தூரத்தில் இருந்தது, போனை அணைத்தால் போய்விடும். இனி எதிர்வீட்டில் இருக்கும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டது என்று சொல்லலாம் என்றால், அதற்குள் அவளே வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தாள்.

மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது வழி கிடைத்தது. ஒரு பொய்யும் வேண்டாம். ஊர் எப்படி இருக்கிறதோ அப்படியே சொன்னால் போதும், எவனும் குடிவர மாட்டான். இருபது வருஷத் தொழிலில் இப்படி ஓர் ஆயுதம் கையில் இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சகலையும் மச்சினியும் வந்து இறங்கினார்கள். விசேஷமெல்லாம் பிறந்த வீட்டிலேயே நடந்துவிட்டதால் அவர்கள் இந்த ஊருக்கு வருவது அதுதான் முதல் தடவை. அக்காவும் தங்கையும் நடுத்தெருவில் கட்டிக்கொண்டு, நீ இளைச்சிட்ட, நீதான்டி இளைச்சிட்ட என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். பிறகு நாலு பேருமாக எதிர்வீட்டு மாடிக்குப் போனார்கள்.

"தண்ணி எப்படிண்ணே?" என்றான் சகலை.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு மாதிரி மலை நகரத்து அருவியிலிருந்து ஆரம்பிப்பார். "ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்" என்றார் இன்றைக்கு. "அதுவும் விடிகாலை நாலு மணிக்கு. கலங்கலா வரும்."

சகலை புருவத்தைத் தூக்கினான். மாதிரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தலைக்கு மேல் தளத்தில் ஈரம் கசிந்த இடத்தைக் காட்டினார். வெள்ளையடித்தால் மறையும், மழை வந்தால் திரும்பவும் வரும் என்றார். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு ரயில் போகும், ஜன்னல் கண்ணாடி அதிரும் என்றார். சொல்லி வாய் மூடவில்லை, ரயிலும் போனது, கண்ணாடியும் அதிர்ந்தது. கொசுவைச் சொன்னார். மழைக்காலத்தில் தெருமுனையில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீரைச் சொன்னார், அதில் என்னென்ன மிதக்கும் என்பதையும் விட்டுவைக்கவில்லை. அடடா, உண்மை பேசுவதில் இப்படி ஒரு ருசி இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! மனைவி ஒரு தடவை "என்னங்க" என்றாள். அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்.

மச்சினி பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போனாள். கீழே கால்வாய் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. கரையில் யாரோ தூக்கிப்போட்ட கிழிந்த மெத்தை.

"அக்கா, படகு எங்கக்கா?" என்றாள்.

"என்ன படகு?" என்றார் மாதிரி.

"அதான் அத்தான், சாயங்காலமானா விளக்குப் போட்டுக்கிட்டுப் போகுமாமே. நீங்க ரெண்டு பேரும் தினம் கரையோரமா நடக்கப் போவீங்களாமே. எங்க பால்கனியை விட இங்க காத்து நல்லா வரும்னு அக்கா சொல்லுவா. நான் இவர்கிட்ட எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? அக்காவைப் பாருங்க, புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறா. நமக்கு லிஃப்ட் நின்னா ஒன்பது மாடி ஏறணும், நீங்க வீட்டுக்கு வர்றதே தூங்கத்தான்னு. நிஜமா அத்தான், பொறாமையா இருக்கும்."

மாதிரி மனைவியைப் பார்த்தார். அன்றைக்கு அந்த வீட்டுக்குள் நுழைந்த பிறகு அவளைப் பார்த்தது அப்போதுதான். முகம் சுண்டிப்போயிருந்தது. வீட்டில் செல்லாத அவருடைய சரக்கு முழுவதையும் அவள் ஒன்று விடாமல் தங்கைக்கு அளந்திருக்கிறாள். விளக்கும், கை கோத்த நடையும் அவளாகச் சேர்த்தவை.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடி" என்றாள் மனைவி மெதுவாக. "ஞாயித்துக்கிழமை படகு வராது."

"அப்படியாண்ணே?" என்று சகலை இவர் பக்கம் திரும்பினான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். "படகெல்லாம் ஓடுதுன்னா பரவாயில்லையே. கொசு எங்கதான் இல்லை? இவளுக்கு அக்கா பக்கத்துல இருந்தாப் போதும். முடிச்சிடலாம்ணே."

மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். 'ஆமா' என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வாரி இறைத்த வாய்தானே அது! மனைவியின் கண் கெஞ்சியது. பார்க்கவில்லை என்று அவர் பின்னால் சாதிக்க முடியாது, நன்றாகவே பார்த்தார். ஆனால் அந்த 'முடிச்சிடலாம்ணே' உள்ளே போய்த் தைத்திருந்தது. எதிர் பால்கனியில் இந்தச் சட்டை, இந்தச் சிரிப்பு, இந்த அண்ணே, தினம் தினம்.

"படகா!" என்று சிரித்தார் மாதிரி. "மாசத்துக்கு ஒரு தடவை ஆகாயத்தாமரை அள்ள ஒரு மிஷின் வரும். அதைச் சொல்லியிருப்பா. அதுவும் இப்ப ரிப்பேர்."

வேறு யாரும் சிரிக்கவில்லை. மச்சினி அக்காவைப் பார்த்தாள். பார்த்த உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது தங்கை அக்காவிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசினாள். காலையில் நடுத்தெருவில் சண்டை போட்டவளா இவள் என்று இருந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னாள். திரைச்சீலை நன்றாக இருக்கிறது என்றாள். அக்கா சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். கம்பெனியே ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு தருகிறது, இப்போதைக்கு அதையே எடுத்துக்கொள்கிறோம் என்றான் சகலை, தட்டைப் பார்த்துக்கொண்டே. மாதிரி நினைத்தது நினைத்தபடி நடந்துவிட்டது. ஆனால் மோருக்கு முன்னாலேயே கை கழுவ எழுந்துவிட்டார்.

கிளம்பும்போது தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எது வேணும்னாலும் கூச்சப்படாம என்கிட்ட கேளுக்கா" என்றாள். அக்கா சரி என்று தலையசைத்தாள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நின்று கையசைத்துவிட்டு, உள்ளே வந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

மாதிரி கொஞ்ச நேரம் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். பிறகு சமையலறை வாசலில் போய் நின்றார். முந்திக்கொண்டால் தப்பிக்கலாம் என்று ஒரு நப்பாசை.

"எதுக்கு அவகிட்ட அப்படியெல்லாம் அளந்து வெச்ச?"

"அவ போட்டோ அனுப்புவா. நான் என்னத்தை அனுப்புறது?" என்றாள் அவள், திரும்பாமல். "நீங்க ஊருக்குச் சொன்னதைத்தான் நான் அவளுக்குச் சொன்னேன். அவளுக்குக் கடல் இருந்துச்சு, எனக்கு உங்க வாய் இருந்துச்சு. எனக்கும்தானே வயிறு எரியும்? என் புருஷன் தினம் என்னை நடக்கக் கூட்டிட்டுப் போறாருன்னு சொன்னா, அவ அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேசாம இருப்பா. அது எனக்குப் போதுமா இருந்துச்சு."

மாதிரிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமும் அந்த ஒன்பதாவது மாடியோடு அவருக்காக மல்லுக்கு நின்றது இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள். அந்த ஆளைத்தான் தங்கைக்கு முன்னால் தலைகுனிய வைத்திருக்கிறார், சகலையை ஜெயிப்பதாக நினைத்துக்கொண்டு.

"இரு, நான் போன் பண்றேன்" என்றார். வார்த்தைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. "விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்றேன். படகு உண்டு, இன்னைக்கு லீவுன்னு சொல்றேன். தண்ணியும் நல்ல தண்ணின்னு சொல்றேன். நான் சொன்னா நம்புவாங்க. எத்தனை பேரை நம்ப வெச்சிருக்கேன்!"

அவள் குழாயை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். அழுதிருக்கவில்லை.

"நம்ப மாட்டாங்க" என்றாள். "இத்தனை வருஷத்துல நீங்க உண்மையைச் சொன்னது இன்னைக்கு ஒரு நாள்தான். சொல்லும்போது உங்க முகத்துல இருந்த சந்தோஷத்தை அவளும் பார்த்தா, நானும் பார்த்தேன்."